மூன்றடி பின்னால்

அவர் விழப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

ஊர் அதை விபத்து என்றது. ஆஸ்பத்திரியிலும் தவறி விழுந்ததாகவே எழுதிக்கொண்டார்கள். விழுந்தவரும் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்... அது விபத்து அல்ல.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நிலத் தகராறா, பெண் விவகாரமா, பழைய பகையா? எதுவும் இல்லை. பொறாமை! ஒரு மனிதர் தன் கடவுளைக் கும்பிடும்போது அவர் உடம்பு அசைந்த அசைவைக் கண்டு எனக்கு வந்த பொறாமை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே சில நேரம் சிரிப்பு வரும்.

நான் வரதன். ஆந்திர எல்லையில், நகரியில் பவர்லூம் ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி சரோஜாவின் ஊரான நாகலாபுரத்துக்கே வந்து ஒரு ஜவுளிக்கடை வைத்தேன். வீட்டின் பின்கட்டை ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். இதெல்லாம் என் பிழைப்பு. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பிழைப்பைச் சொல்லி அடையாளம் காட்ட மாட்டார்கள். ‘பஜனை வரதன்’ என்பார்கள்.

சனிக்கிழமைதோறும் வேதநாராயண சுவாமி கோயில் மண்டபத்தில் எங்கள் கோஷ்டி பாடும். முன்னால் நிற்பவன் நான். கையில் ஜால்ரா, நெற்றியில் நாமம். இரண்டாவது பாட்டிலேயே எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான்காவது பாட்டில் கை இரண்டும் மேலே போகும், கண்ணிலிருந்து நீர் வழியும். ‘ஏமி பக்தி, ஏமி பக்தி!’ என்று தெலுங்குக்காரப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள்கூட உண்டு.

இப்போது உண்மையைச் சொல்லட்டுமா? கண்ணை மூடினாலும் இமைகளுக்கு நடுவே ஒரு நூலிழை இடைவெளி விட்டுவைப்பேன். யார் பார்க்கிறார்கள், யார் பார்க்காமல் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த இடைவெளி வழியாகத் தெரியும். பார்க்காதவர்கள் அதிகமானால் கை இன்னும் கொஞ்சம் உயரும். இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததா? இல்லை! எல்லோருக்கும் பக்தி இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒன்றும் இருக்காது, வெளியே ஆடுகிறவன் ஆடுவான் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் சாலமன் சார் பின்கட்டுக்குக் குடிவந்தார்.

ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இயந்திரப் பராமரிப்பு வேலை. சொந்த ஊர் மும்பைக்குப் பக்கத்தில் தானே நகரம். மனைவி இல்லை, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். சென்னையில் பல வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார். பெயரைக் கேட்டதும் சரோஜா, “எந்த சர்ச்சுக்குப் போவீங்க சார்?” என்றாள். “சர்ச் இல்லம்மா. நாங்க யூதர். பல தலைமுறையா கொங்கண் பக்கம்தான் இருக்கோம்” என்றார். சரோஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். வாடகை ஒழுங்காக வந்தால் போதும் என்று நான் தலையாட்டினேன்.

குடிவந்த மறுநாள் காலையில் சரோஜா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“யோவ், சீக்கிரம் வாய்யா! அந்த சாருக்கு சாமி வந்துகீது!”

அவள் கையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர், வேப்பிலைக் கொத்து. எங்கள் பக்கம் கங்கம்மா ஜாத்திரையில் யாராவது நின்ற இடத்தில் ஆட ஆரம்பித்தால் அதைத்தானே செய்வோம். பின்கட்டு முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன்.

மேற்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தலையோடு ஒரு கோடு போட்ட வெள்ளைப் போர்வை, அதன் நான்கு மூலையிலும் முடிச்சு முடிச்சாய் நூல் தொங்கல். இடது கையில் கறுப்பு வார் சுற்றியிருந்தது. நெற்றிக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. கையில் சிறு புத்தகம். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை. உடம்பு மட்டும் முன்னும் பின்னும், முன்னும் பின்னும்... தறியில் அச்சுப்பலகை போய்வருவது போல, ஒரே சீராக.

அவருக்கு நாங்கள் வந்ததே தெரியவில்லை. சரோஜா மஞ்சள் தண்ணீரோடு முன்னால் போய் நின்றும்கூடக் கண் நகரவில்லை. சட்டென்று அசைவு நின்றது. மூன்று அடி பின்னால் வந்து, மூன்று அடி முன்னால் போய், பாதம் இரண்டையும் ஒட்டவைத்து நின்றார். மறுபடி அந்த அசைவு. இடையிடையே முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, நிமிர்ந்தார். கடைசியில் மறுபடி மூன்று அடி பின்னால். இடது பக்கம் ஒரு வணக்கம், வலது பக்கம் ஒரு வணக்கம், நேரே ஒரு வணக்கம்.

முடிந்த பிறகுதான் சொம்போடு நிற்கிறவளைக் கண்டார். விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டார். “சாமி வரலம்மா. நான்தான் அவர்கிட்ட போறேன்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஒரு விஷயம். காலை ஒட்டி நிக்கிறேன் இல்ல, அப்ப நடுவுல பேச மாட்டேன். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். தப்பா நினைக்காதீங்க” என்றார்.

“அந்த மூணு அடி எதுக்கு சார்?” என்று நான் கேட்டேன்.

“ராஜாகிட்ட பேசிட்டு முதுகைக் காட்டலாமா? முகம் அவர் பக்கம், கால் பின்பக்கம். அப்படித்தான் வரணும்.”

“நாமகூட பெருமாளுக்கு முதுகு காட்டாமதான வருவோம்!” என்றாள் சரோஜா. அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான்.

எனக்கு? எனக்குத் திருமலை நினைவுக்கு வந்தது. எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றாலும் சந்நிதியில் கண் நிலைக்கும் முன்பே ‘ஜரகண்டி, ஜரகண்டி’ என்று தோளைப் பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள். இந்த மனிதரை யாரும் தள்ளவில்லை. வேண்டிய மட்டும் பேசிவிட்டுத் தானாகப் பின்வாங்குகிறார். அதற்கு என்னமோ எனக்கு எரிந்தது.

மறுநாளிலிருந்து ஒளிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

குளியலறை ஜன்னலில் நின்றால் முற்றம் தெரியும். ஆசாமி எங்கேயாவது ஒரு இடத்தில் கள்ளத்தனம் செய்வான் என்று காத்திருந்தேன். ஒரு முறையாவது ஓரக்கண்ணால் பார்ப்பான், கொசு கடித்தால் சொறிவான், செல்போன் அடித்தால் திரும்புவான்... ஒன்றும் இல்லை! பார்க்க ஒருவரும் இல்லாத முற்றத்தில், பாசி பிடித்த சுவருக்கு முன்னால், அந்த உடம்பு தன்பாட்டுக்கு ஆடியது. மழைத் தூறலிலும் ஆடியது. ஒருநாள் அழுதுகொண்டே ஆடியது.

பொறாமை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? பணக்காரனைப் பார்த்து வருவது ஒன்றுமே இல்லை. பணம் எனக்கும் ஒருநாள் வரலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது அப்படியல்ல. எனக்கு உள்ளே இருக்கிறது என்று ஊரை நம்பவைத்த பொருள், என்னிடம் இல்லவே இல்லை என்று நானே அறிந்த பொருள், இன்னொருவனிடம் அலட்சியமாகக் கிடக்கிறது. அதை எப்படிப் பொறுப்பது?

ஒருநாள் கேட்டும் விட்டேன். “ஏன் சார் ஆடறீங்க? ஆடணும்னு விதியா?”

“ஆடறேனா?” என்றார். பாசாங்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். “விதி ஒண்ணும் இல்ல. எங்க அப்பா ஆடாமதான் நிப்பார். நான் ஆடறேனா என்ன? தெரியலையே.”

தெரியவில்லையாம்! என் சுண்டுவிரல் உயர்வதுகூட எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து நான் செய்தது கேவலம். கதவைத் தாழிட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் நின்று அவரைப் போலவே ஆடிப் பழகினேன். குதிகாலில் எவ்வளவு, நுனிக்காலில் எவ்வளவு, மூச்சு எங்கே... எல்லாவற்றையும் பழகினேன். பின்னால் வரும் மூன்று அடியையும் விடவில்லை. முதலில் இடது கால், பிறகு வலது, பிறகு இடது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் எனக்கு இது தேவைப்பட்டது.

நாராயணவனத்தில் கல்யாண உற்சவத்துக்கு எங்கள் கோஷ்டியைக் கூப்பிட்டிருந்தார்கள். கையைத் தூக்கும் பழைய வித்தையை விட்டுவிட்டு, நின்ற இடத்தில் முன்னும் பின்னும் அசைந்தேன். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பாட்டு முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். ‘இப்பதான் நைனா நெஜமாவே உருகுறாரு’ என்று ஒரு பையன் சொன்னது காதில் விழுந்தது. பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரோஜாவின் வற்புறுத்தலில் சாலமன் சாரும் அன்று வந்திருந்தார். மண்டபத்துக்கு வெளியே ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது காரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வரதன் சார், ரொம்ப நல்லா இருந்தது. உங்களுக்குள்ள ஏதோ நடக்குது. பார்த்தாலே தெரியுது” என்றார்.

அவருடைய அசைவு என்று அவருக்கே தெரியவில்லை. மனமாரப் பாராட்டுகிறார்! நான் நெளிந்துகொண்டிருந்தபோது பின்சீட்டிலிருந்து சரோஜா சிரித்தாள்.

“அய்ய, அது உங்களுதுதான் சார்! வூட்ல கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு ஆடி ஆடி கத்துக்கினாரு. சாவித் துவாரத்துல பாத்தேன்.”

கேலியாகத்தான் சொன்னாள். அவள் மனதில் விஷம் கிடையாது. ஆனால் எனக்கு அந்தக் காரிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. சாலமன் சார் சிரிக்கவில்லை. “அதனால என்ன? குழந்தை பேசக் கத்துக்கறதும் பார்த்துப் பார்த்துத்தான். ஆட்டம் யாருக்கும் சொந்தம் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

கேலி செய்திருந்தால் தப்பித்திருப்பேன். கோபித்திருந்தால் இன்னும் நல்லது. அவர் எனக்குப் பரிந்து பேசினார்! என் மனைவி முன்னால், என்னைக் குழந்தையாக்கி, பரிந்து பேசினார்! அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வாரத்திலேயே அது நடந்தது.

முற்றத்தில் தரையோடு தரையாக ஒரு சம்ப் இருக்கிறது. தண்ணீர் லாரி வந்தால் அதில்தான் நிரப்புவோம். வாய் சதுரமாக, ஒரு ஆள் இறங்கும் அளவுக்கு இருக்கும். தகர மூடி. மூடியைத் திறந்தால் அந்த வாய்க்குக் குறுக்கே ஒரு மர ஸ்டூலைப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி ஒருமுறை உள்ளே விழுந்ததிலிருந்து சரோஜா போட்ட கட்டளை. நானும் ஒருநாளும் தவறியதில்லை.

காலை வேளை. சரோஜா பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். லாரி வந்து ஹாரன் அடித்தது. குழாயை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சாலமன் சார் பாதங்களை ஒட்டவைத்து, மேற்கே பார்த்து, ஆடிக்கொண்டிருந்தார். சம்ப் அவருக்கு நேர் பின்னால்.

மூடியைத் திறந்தேன். தகரம் கிரீச்சிட்டது, அவர் திரும்பவில்லை. தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கும் திரும்பவில்லை. சம்ப் நிறைந்தது. குழாயை எடுத்துச் சுருட்டி டிரைவரிடம் கொடுத்தேன். லாரி போய்விட்டது. திரும்பி முற்றத்துக்கு வந்தேன்.

மூடி சுவரில் சாய்ந்திருந்தது. ஸ்டூல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் என்னைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். லாரி வந்தது உண்மை. மூடியைத் திறந்தது தண்ணீருக்காக. அதில் சூது இல்லை... இல்லையா? அவர் முடிக்கட்டும் என்று லாரிக்காரனைக் கொஞ்சம் நிறுத்திவைத்திருக்க முடியாதா? சரி, அதை விடுங்கள். திரும்பி வந்தபோது ஏன் மூடவில்லை?

அவர் பின்னால் மூன்று அடி எடுத்துவைப்பார் என்று சரோஜாவை விட்டால் அந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? பார்க்கிறவனுக்கு அவர் சுவரைப் பார்த்து நிற்கிற மனிதர், அவ்வளவுதான். அந்த மூன்று அடி எவ்வளவு தூரம் என்று எனக்கு மட்டும் தெரியும். கண்ணாடி முன்னால் நின்று பழகியவன் நான். தூரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டேன். இடது, வலது... மூன்றாவது இடது கால் எங்கே விழும் என்று பார்த்துவிட்டேன்.

அப்போது என் மனதில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். ‘நடுவில் கூப்பிடக் கூடாது என்று அவர்தானே சொன்னார்!’ இதுதான். எவ்வளவு நல்ல சாக்கு! எவ்வளவு மரியாதையான சாக்கு! அதற்கு அடியில் இன்னொரு குரலும் இருந்தது. ‘பார்ப்போம், இவன் நிஜமாகவே ராஜாவிடம்தான் பேசுகிறானா... ராஜா பிடித்துக்கொள்ளட்டும்.’ மூன்றடி மண் கேட்டு உலகளந்தவனைப் பாடுகிற இந்த வாயைத் திறக்காமல் நின்றேன்.

அசைவு நின்றது. இடது கால் பின்னால் வந்தது. வலது கால் வந்தது.

கத்தியிருக்கலாம். அப்போதும் கத்தியிருக்கலாம்!

மூன்றாவது கால் வெறுமையில் இறங்கியது. இடுப்பு சிமெண்ட் விளிம்பில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீர் வெளியே தெறித்தது. அந்தப் போர்வை சம்ப் வாயில் மிதந்தது. அவர் கையிலிருந்த புத்தகத்தை மட்டும் நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

பிறகு ஓடினேன், கத்தினேன், தூக்கினேன், அழுதேன். எல்லாம் நன்றாகச் செய்தேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள் அல்லவா!

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இடுப்பு எலும்பு நொறுங்கியிருந்தது. முதுகுத் தண்டிலும் அடி. இனி எதையாவது பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடியாது என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். ஊரிலிருந்து ஓடிவந்திருந்த அவர் மகளுக்கு அதை நான்தான் இந்தியில் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ‘நிற்க முடியாது’ என்பதைச் சொல்ல வார்த்தை இருந்தது, பாருங்கள்.

நினைவு தெளிந்ததும் சாலமன் சார் என்னைத்தான் கூப்பிட்டார். கட்டிலருகே போனேன். தெரிந்திருக்கும், கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றுகூட முடிவுசெய்திருந்தேன்... சத்தியமாக!

“மன்னிச்சிடுங்க வரதன் சார்,” என்றார். “தப்பு என்னுது. நடுவுல கூப்பிடாதீங்கன்னு சொன்னேன். ஆபத்துன்னா கூப்பிடலாம், உயிருக்கு ஆபத்துன்னா நிறுத்தணும், அதுவும் விதிதான். அதைச் சொல்லாம விட்டுட்டேன். நீங்க என் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து நின்னீங்க. பாவம், எப்படித் தவிச்சிருப்பீங்க!”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அழுகை எந்த வகை அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

அன்று வீடு திரும்பியதும் சரோஜா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏன்யா, ஸ்டூல் போடலியா நீ?”

“மறந்துட்டேன்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஆனால் சனிக்கிழமை பஜனைக்கு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். மூட்டு வலியாம்.

வேலையை விட்டுவிட்டு சாலமன் சார் தானேவுக்கு மகளோடு போய்விட்டார். போகும்போது பின்கட்டைக் கூட்டிப் பெருக்கிவைத்துவிட்டுப் போனாள் மகள். நான் அதை இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

இந்த வருஷம் மகள் வீடியோவில் அழைத்தாள். சரோஜா போனைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். “பாருய்யா! நாற்காலில உக்காந்துக்கினே ஆடறாரு!” எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் இடுப்பிலிருந்து மேலே, அதே போர்வைக்குள், முன்னும் பின்னும்... அதே சீர். கடைசியில் கால் இருந்த இடத்திலேயே கிடக்க, தோளை மட்டும் கொஞ்சம் பின்னால் இழுத்து, இடது, வலது, நேரே என்று வணங்கினார்.

அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? பச்சாதாபமா? பயமா? அவையெல்லாம் பிறகு வந்தன. முதலில் வந்தது அதேதான். அதே எரிச்சல்! காலை எடுத்துவிட்டேன், அது போகவில்லையே என்ற எரிச்சல்! இதையும் சொல்லாவிட்டால் நான் உங்களிடம் சொன்னது எல்லாம் பொய்.

யூதர்களுக்கு வருஷத்தில் ஒரு பெரிய விரதம் உண்டு. கடவுளுக்குச் செய்த தப்பை அன்று கடவுள் மன்னிப்பாராம். மனிதனுக்குச் செய்த தப்பை மட்டும் அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டுமாம், கடவுளால்கூட முடியாதாம். அதனால் விரதத்துக்கு முன்னால் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். சாலமன் சார் வருஷம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறார்.

“வரதன் சார், தெரிஞ்சோ தெரியாமலோ நான் உங்களுக்கு ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க.”

“மன்னிச்சேன் சார்.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. கேட்டவரிடம் எதிராளியும் மன்னிப்புக் கேட்பது அவர்கள் முறையாம். இங்கே இருந்தபோதே சரோஜாவிடம் அவர் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் அவர் விடுவது எனக்காகத்தான். அவருடைய மூச்சு கேட்கும். என் வாய் வரைக்கும் வரும்...

“சரிங்க சார், கடையில ஆள் வந்துட்டாங்க” என்று வைத்துவிடுவேன்.

இந்த வருஷமும் போன் வந்தது. இந்த வருஷமும் அவரை மன்னித்துவிட்டேன்.